இல்லாத போர்டுக்கு ஜுரம்

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை முதல் வேலையாக, இன்னும் விற்பனைக்கே வராத ஒரு பம்பை, எங்குமே இல்லாத ஓர் அறையில் வைத்துக் குளிரவைத்தேன். பல் தேய்க்கும் முன்பே கணினியைத் திறந்துவிட்டேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் கோடு சரிந்து இறங்குவதைப் பார்த்து, "யாருக்குடி ஜுரம்?" என்றாள். பம்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு என்றேன். "எந்த போர்டு?" நிஜ போர்டு இல்லம்மா, கணினிக்குள்ள மட்டும் இருக்குற போர்டு என்றேன். "இல்லாத போர்டுக்கு ஜுரம் பாக்குற ஒரே வைத்தியச்சி நீதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அலுவலக மின்னஞ்சலை, எதற்கும் சரி சரி என்கிற நம் மேலாளர் சரிசரியார் படிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம், டிசைன் அலுவலகத்துக்கும் உன் ஃபாக்டரிக்கும் வாராவாரம் போய்வரும் போர்டுப் பெட்டியில், ஸ்பாஞ்சுக்கு அடியில் வருகிறது. ஒவ்வொரு வாரமும் நீயே பெட்டியைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். யாரையும் திறக்க விடமாட்டாய்.

அன்றைக்குக் கூட்டத்தில், எல்லார் முகமும் திரையில் வரிசையாக இருக்கும்போது, "ஃபாக்டரியின் சோதனை முடிவை நான் நம்பவில்லை" என்று சொன்னேன். உன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் போடாதே.

அன்று என்னை முடிக்க விடவில்லை, அதனால் இங்கே முழுதாகச் சொல்கிறேன். நாம் செய்யப்போவது நோயாளியின் நரம்பில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பம்ப். குழாய் எங்காவது மடங்கி அடைத்துக்கொண்டால், மோட்டார் தள்ள முடியாமல் திணறும். அந்த நேரத்தில்தான் அது அதிக மின்சாரம் இழுக்கும். அதே நேரத்தில் நர்ஸைக் கூப்பிட சைரன் அலற வேண்டும். இரண்டும் ஒன்றாக இழுக்கும்போது கைகொடுப்பதற்காக நான் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருந்தேன், ஆத்திர அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள மேலே ஏற்றிவைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. கொள்முதல் பிரிவு அதற்குப் பதில் சின்ன உருவத்தில் ஒன்றை வாங்கிவிட்டது. மேலே அச்சிட்ட அளவு அதேதான். ஆனால் வோல்டேஜ் ஏறியதும் இந்தச் சின்னத் தொட்டியில் பாதிகூட நிற்பதில்லை. பேட்டரி புதிதாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். பழைய பேட்டரி, குளிர் அறை என்றால், சைரன் வாயைத் திறந்த கணத்தில் போர்டு மயங்கிவிடும். மறுபடி கண் விழித்து, ஒன்றுமே நடக்காதது போல முதல் பக்கத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். மருந்து போகாது. சத்தமும் வராது.

உதவிக்குக் கூப்பிடும்போதே கூப்பிட்டவள் விழுந்துவிடுகிறாள். பக்கத்து அறையில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

இதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். என் கையெழுத்து இல்லாமல் உன் லைனிலிருந்து ஒரு பம்பும் வெளியே போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

முதல் விஷயம்: போர்டு இருக்கும் பெட்டிக்குள் காகிதம் வைக்காதே. காகிதத்தில் ஸ்டாட்டிக் மின்சாரம் வரும், போர்டைக் கெடுக்கும் என்று இங்கே புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கே முதல் நாளில் சொல்லிக்கொடுக்கிறோம். படித்தவள் நீ. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு வெளியே, டேப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். இனி அப்படியே செய்.

இரண்டாவது விஷயம்: என் சோதனை மேஜையில் ஒரு போர்டு விடாமல் எல்லாம் பாஸ். குழாயை அடைத்துப் பார்த்தேன், சைரனை அலறவிட்டேன், பேட்டரி தேய்ந்தது போல வோல்டேஜைக் குறைத்துப் பார்த்தேன். அத்தனையும் பாஸ். அலறி அலறி லைனில் இருக்கிற பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். ஒன்றுகூட மயங்கவில்லை. மயக்கம் வருவது உன் திரையில் மட்டும்தான்.

இப்போது மூன்றாவது. அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் சரிசரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சரி சரி, உங்க அக்கா ஒத்துக்கலன்னா, இந்த வேலையை வெளியில கொடுத்துடலாம்" என்றார். எவ்வளவு மென்மையாகச் சொன்னார் தெரியுமா, குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போல. வெளியில் கொடுத்தால் என் லைனை மூடிவிடுவார்கள். இந்த லைனுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்ட அன்று இங்கே எத்தனை பேர் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரியாது. சொன்னதில்லை. அவர்களெல்லாம் இன்னும் சிரிக்கக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உன்னை உங்கள் அலுவலகத்தில் "பல்லி" என்று கூப்பிடுவதாகச் சிரித்துக்கொண்டே சொல்வாய். எது கெட்டுப்போகும் என்று முன்னாலேயே உச்சுக்கொட்டுகிறாயாம். சரிதான். ஆனால் மிச்சத்தையும் நான் சொல்கிறேன்: ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நீ விழுந்தால் தனியாக விழு. என்னைச் சேர்த்து இழுக்காதே.

அம்மாவின் முட்டிவலிக்கு மாத்திரை தீர்ந்திருக்கும். பார்த்து வாங்கிக்கொடு.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை டேப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். திருப்திதானே?

பழமொழி வலித்தது. இரண்டு நாள் உன்மேல் கோபத்தில் இருந்தேன். பிறகு, என்னைத் திட்டுகிற அவசரத்தில் நீ உன் சோதனை அளவுகளையும் பெட்டியில் அனுப்பியிருக்கிறாய் என்பதைப் பார்த்தேன். யாரும் கேட்காமலே. அதுதான் நீ. சண்டைக்கு வரும்போதும் அத்தாட்சியோடு வருவாய்.

கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் தப்பாகாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாம் எதைச் சொல்லிக்கொடுத்தோமோ அதைத்தான் அது கணக்குப் போடும். அசட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தால் அசட்டுத்தனமாகவே திருப்பிச் சொல்லும். அதனால் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கெப்பாசிட்டர், மோட்டார், சைரன், பேட்டரி என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினேன். எங்கே கட்டினாலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். உனக்குப் பிடிக்காது. உன் மேஜையையும் கணினிக்குள் கட்டினேன். போர்டில் பேட்டரி உட்காரும் இடத்தில் உன் மேஜைதானே மின்சாரம் கொடுக்கிறது? அந்த வயரின் நீளம், கவ்விகள், மின்சாரம் தரும் பெட்டி, எல்லாவற்றையும் வரைந்தேன். சிமுலேஷனில் உன் மேஜைமேல் வைத்த போர்டும் மயங்குகிறது. ஆனால் உன் அளவுகளில் வோல்டேஜ் அசையவே இல்லை. பாறை மாதிரி நிற்கிறது. நல்ல போர்டுகூட அந்த நேரத்தில் கொஞ்சம் அசையும். உன்னுடையது நன்றாக இருப்பதற்கும் மேலே நன்றாக இருக்கிறது.

எதைச் சேர்த்தால் இப்படி அசையாமல் நிற்கும் என்று தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு பதில்தான் பொருந்துகிறது. கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர், பேட்டரி முனையில். போர்டில் அப்படி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும், வரைந்தவள் நான். அப்படியானால் அது உன் மேஜையில் இருக்கிறது. பரீட்சை எழுதுகிறவளுக்கு மேஜையே பதில் சொல்லிக்கொடுக்கிறது.

நான் அங்கே வர முடியாது. சோதனை அறைக்குள் டிசைன் ஆட்கள் வரக்கூடாது என்பது உங்கள் விதி, நீ போட்ட விதி. அதனால் கேட்கிறேன்: மேஜைக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பார்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

குனிய மாட்டேன்.

எட்டுமணி நேர பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல நீ யார்? ஜோசியக்காரியா?

தங்கை

&nbsp;

மார்ச் 3

அக்கா,

குனிந்தேன்.

உன் கடிதத்துக்காக இல்லை என்று சொல்லத்தான் ஆசை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் நான் மட்டும். மேஜையைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் பாவனை செய்தேன், யாருக்காகவோ. பிறகு தரையில் உட்கார்ந்து, மொபைல் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டேன். வயர்களெல்லாம் சிலந்திவலை மாதிரி. பேட்டரி கவ்விகளுக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றி, கட்டைவிரல் பருமனில் ஒன்று. என் கட்டைவிரல் இல்லை, உன் கட்டைவிரல். நீதான் பெரியகை.

அதை யார் வைத்தது என்று தேடி ஓடவில்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது. இந்த மேஜை முன்பு பழைய பம்புக்காகச் செய்தது. அதில் நீள வயரால் அளவுமானியில் இரைச்சல் வந்து அளவு ஆடிக்கொண்டே இருக்கும். இரைச்சலை அடக்க யாரோ வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டுக்கு அது சரி. அந்தப் போர்டு இவ்வளவு இழுக்காது. புதுப் போர்டு வந்தபோது மேஜையை யாரும் மறுபடி யோசிக்கவில்லை. மேஜையை யாராவது சோதிப்பார்களா? சோதிப்பதே அதுதானே.

கத்தரித்து எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு போர்டை வைத்தேன். வோல்டேஜைக் குறைத்தேன். குழாயை அடைத்தேன். மோட்டார் முனகியது. சைரன் "வீ" என்று தொடங்கி நடுவில் அறுந்தது. அவ்வளவுதான். திரையில் முதல் பக்கம். வணக்கம் என்று எழுதியிருந்தது.

அடுத்த போர்டு. அதுவும். அதற்கடுத்தது தப்பித்தது. பிறகு வந்தது விழுந்தது.

சால்டரிங் பார்க்கிற பெண் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, சத்தம் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள். அந்தச் சத்தத்துக்கு எரிச்சல்பட்ட நாங்கள் எல்லாரும் அது நின்றதும் பயந்துபோய் நின்றோம்.

லைனை நிறுத்திவிட்டேன். ஸ்விட்சை நானே இறக்கினேன். இன்னும் சரிசரியாருக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில். இதைப் படித்துவிட்டு "நான் அப்பவே சொன்னேனே" என்று எழுதினாயானால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

தங்கை

&nbsp;

மார்ச் 10

அன்புள்ள தங்கைக்கு,

எழுதவில்லை. நினைக்கவும் இல்லை என்று சொன்னால் பொய்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வணக்கம்னு எழுதியிருந்துச்சா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "சின்னவ நிறுத்திட்டாளா? நல்லது" என்றாள். அம்மா உன்னைப் பற்றி நல்லது என்று சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? பார்த்தால் எனக்குப் பொறாமை வரும் என்று நினைக்கிறாள். வரத்தான் செய்கிறது. லைனை நிறுத்த எனக்குத் தைரியம் வேண்டியதில்லை, நான் எதையும் ஓட்டவில்லை. உனக்கு வேண்டியிருந்தது.

இனி இங்கே நடந்தது. சரிசரியார் என் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது எப்போதும் கெட்ட சகுனம். நல்ல செய்தியை அவர் நின்றுகொண்டே சொல்வார்.

"சரி சரி, கண்டுபிடிச்சீங்க. பாராட்டுறேன். ஆனா இதெல்லாம் எப்ப நடக்கும்? பேட்டரியும் பழசா இருக்கணும், அறையும் குளிரா இருக்கணும், குழாயும் அடைக்கணும். மூணும் ஒண்ணா எங்கம்மா வரும்?"

"ஆஸ்பத்திரியில வரும் சார்" என்றேன்.

சிரித்தார். "புது பேட்டரி, சாதாரண அறைன்னு போட்டு ஒரு தரம் ஓட்டுங்க. அந்தப் படத்தை மட்டும் அறிக்கையில வைங்க. பொய் சொல்லச் சொல்லலையே. அதுவும் உண்மைதானே?"

அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் செய்கிற தொழிலில் பொய் சொல்வதற்குப் பொய்யே தேவையில்லை. நல்ல வானிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். மென்பொருளைத் திறந்தாலே இதமான ஓர் அறையைத்தான் அதுவாகவே போட்டுவைத்திருக்கும். ஒன்றையும் மாற்றாமல் பொத்தானை அழுத்தினால், உலகத்தில் எந்தப் போர்டும் சாகாது.

முடியாது என்றேன். மாற்றின கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுங்கள், அன்றே கையெழுத்து என்றேன். அதற்குத் தேதி தள்ளிப்போகும் என்றார். தள்ளட்டும் என்றேன். "உங்களுக்குத் தங்கச்சி மேல பாசம் இல்லையா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை எழுத்தில் எழுதினால் டேப் கருகிவிடும்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வருகிறார், ஒப்புதல் கொடுக்க. அதற்குள் சரிசரியார் உன்னிடம் வருவார். ஜாக்கிரதை.

அக்கா

&nbsp;

மார்ச் 16

அக்கா,

வந்தார். நின்றுகொண்டே பேசவில்லை, உட்கார்ந்தும் பேசவில்லை. என் லைனில் நடந்துகொண்டே பேசினார்.

"சரி சரி, மேஜை இத்தனை நாளா நல்லாத்தானே இருந்துச்சு? எடுத்ததைத் திரும்ப வச்சிருங்க. சோதனை ஒழுங்கா நடக்கட்டும்."

"எதை சார்?"

"அதாம்மா, அந்த கெப்பாசிட்டர்."

"எது சார், கட்டைவிரல் மாதிரி இருக்குமே, அதா?"

"அதேதான்."

"காணோம் சார்."

லைனில் ஒரு பெண் இருமினாள். சிரிப்பை இருமலாக்கத் தெரிந்தவள். அவர் புதிதாக ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். சோதனை மேஜையில் எதை மாற்றினாலும் டிசைன் அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும் என்றேன். அதுவும் நான் போட்ட விதிதான். அந்த விதிக்காக என்னை நீ திட்டியிருக்கிறாய். இப்போது திட்டு பார்ப்போம்.

போகும்போது, "வெளியில கொடுத்துடலாம்னு நினைக்கிறேன்" என்றார். கொடுங்க சார் என்றேன். "ஆனா அவங்க மேஜைக்கு அடியிலயும் ஒருத்தி குனிஞ்சு பாப்பா." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவர் போன பிறகுதான். அவர் முன்னால் இல்லை.

லைன் போனால் போகட்டும் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். போகக்கூடாது. இந்தப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் பாஸ் என்று ஒட்டி அனுப்பிய பம்ப் யாரோ ஒருவர் தலைமாட்டில் வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

பெட்டியில் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று, மாற்றிய கெப்பாசிட்டர் உள்ள போர்டு. என் மேஜையில் விழுந்ததும் இல்லை, தப்பியதும் இல்லை. யாரும் இன்னும் மின்சாரமே கொடுக்காத புதுசு. இன்னொன்று, கறுப்பு டேப் சுற்றிய அந்தக் கட்டைவிரல். வேண்டும் என்கிறவர் உன்னிடம் வந்து கேட்கட்டும்.

பழமொழி சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. பல்லி நன்றாகத்தான் சொல்கிறது. பானை எங்கே இருக்கிறது என்றும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்.

தங்கை

&nbsp;

மார்ச் 18, புதன், காலை

அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு நாளாக அதில் பழைய பேட்டரி ஒன்று, காற்றுப் புகாத டப்பாவில், ஆஸ்பத்திரிகளிலிருந்து பழுதுக்குத் திரும்பி வந்த பழைய பம்பிலிருந்து எடுத்தது. "பால் வைக்க எடமில்ல, இதுக்கு என்ன குளிர்காலமா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.

உன் போர்டு என் பையில் இருக்கிறது. கட்டைவிரலும் இருக்கிறது. அதை என் மேஜைமேல் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நேற்று சரிசரியார் வந்தவர் அதைப் பார்த்தார், அது என்ன என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. போகும்போது, "நாளைக்கு அந்த நல்ல படத்தைக் காட்டிடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் சரி சரி என்றேன். அவர் குரலிலேயே.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. நீ இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

தலைமை நர்ஸ் உட்கார்ந்ததும், நல்ல படமும் காட்ட மாட்டேன், கெட்ட படமும் காட்ட மாட்டேன். வெள்ளைப் பலகையில், எல்லாரும் பார்க்க, எழுதுவேன்: குழாயை அடைத்தால் சைரன் தொடங்கும். ஒரு கூவல் முடியும் முன் அறுந்துவிடும். திரையில் வணக்கம் வரும். பம்ப் நின்றுவிடும். எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இவர்கள் இவ்வளவு நாள் கேட்ட கையெழுத்து அதுதான். பிறகு பையிலிருந்து போர்டை எடுத்து, அலுவலகத்தில் இருக்கும் மாதிரிப் பம்பில் மாட்டி, குளிர்ந்த பேட்டரியைப் பொருத்தி, பம்பை நர்ஸின் கையில் கொடுத்து, குழாயை அவரையே மடக்கச் சொல்வேன்.

அந்தப் போர்டை நான் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. கை பரபரத்தது, பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால் நான் சாட்சி. பார்க்காமல் சொல்வதுதான் என் தொழில். அதை நம்பித்தானே கையெழுத்துக் கேட்கிறார்கள்? அந்தத் தொழில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நானும் பார்க்க வேண்டும். உன் மேஜையில் ஒன்று தப்பித்ததே, அது என் நினைவில் இருக்கிறது. இது தப்பித்துவிட்டால் எல்லார் முன்னாலும் நான் சிரிப்புக்கிடம், வேலையும் போகும். அப்போதும் கூட்டத்தை விட்டுப் போவதற்கு முன், இன்னொரு தரம் மடக்குங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று என் கணினியில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. இருந்தாலும் ஓட்டமாட்டேன்.

கழுநீர்ப் பானையைத் தேடினேன், நீ சொன்னபடி. நன்றாகத் தெரிகிறது. கூட்ட அறையின் நடுவில், மேஜைமேலேயே இருக்கிறது. தெரிந்துதான் துள்ளுகிறேன்.

பஸ் வந்துவிட்டது. பேட்டரி சூடாவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

உன்
பல்லி